சான் ஹுவான் ஆற்றுப் பரங்கி

"காம்பைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது தாத்தா!"

பேத்தி சொல்லி முடிப்பதற்குள் நான் தூக்கிவிட்டேன். காம்பு கையோடு வந்துவிட்டது. காய் புல்லில் விழுந்து உருண்டது. வரிசையில் எனக்கு அடுத்து நின்ற பெரியவர் சிரித்துக்கொண்டே அதை எடுத்துத் தனியே வைத்தார். காம்பு ஒடிந்த பரங்கிக்கு ஆயுசு குறைவாம். ஒடிந்த இடத்தின் வழியே அழுகல் உள்ளே இறங்கும். மாதக்கணக்கில் தாங்க வேண்டிய காய் சில நாளிலேயே தொய்ந்து உட்கார்ந்துவிடும். கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அடியில் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

2024 அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமை அது. வட கரோலினாவில், கிரீன்ஸ்பரோவுக்குப் பக்கத்தில், என் மகள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு மெதடிஸ்ட் ஆலயம். அதன் புல்வெளியோரம் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று வந்து நின்றது. கதவைத் திறந்தால் கூரைவரை ஆரஞ்சு நிறம். சுமார் பதினெட்டு டன் பரங்கிக்காய். இறக்குவதற்குக் கூலியாளும் கிடையாது, இயந்திரமும் கிடையாது. ஓய்வுபெற்றவர்கள், பாடகர் குழுப் பெண்கள், பள்ளிக்கூடக் கால்பந்துப் பையன்கள், சாரணச் சிறுவர்கள் என்று ஐம்பது அறுபது பேர் லாரியிலிருந்து புல்வெளிவரை நீண்ட வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். ஈரத்தரையில் காய் படாமலிருக்கப் பழைய மரப்பலகைச் சட்டங்களைப் பரப்பி, மேலே வைக்கோல் தூவியிருந்தார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. என் முதுகுக்கு மூன்று நாள் ஆயிற்று.

நான் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரன். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் முதற்பலன்களைக் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். நாலணாத் தேங்காயை நாற்பது ரூபாய்க்கு எடுத்து, எடுத்தவரே திரும்பக் கொடுத்து, அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஆனால் அந்தத் தேங்காய் யார் தோப்பில் விளைந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த நினைப்பில்தான் பக்கத்துப் பெரியவரிடம், "இதெல்லாம் இந்தப் பக்கத்துத் தோட்டத்துக் காய்தானா?" என்று கேட்டேன்.

"இல்லை. நியூ மெக்சிகோவிலிருந்து வருகிறது" என்றார். அது அங்கிருந்து ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர்.

வட கரோலினாவிலும் பரங்கி விளையும். அமெரிக்காவிலேயே சர்க்கரைவள்ளிக் கிழங்கு அதிகம் விளைகிற மாநிலம் அது; 1995இல் அதையே மாநிலக் காய்கறி என்று சட்டம் போட்டு அறிவித்துவிட்டார்கள். நல்ல மழை பெய்கிற பச்சைப் பூமி. அங்கே போய் ஒரு பாலைவனத்தின் காய் ஏன் இறங்க வேண்டும்?

பரங்கியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான். மெக்சிகோவின் ஒவஹாகாவில் கிலா நாகிட்ஸ் என்றொரு குகை இருக்கிறது. அங்கே கிடைத்த விதைகளை 1997இல் புரூஸ் ஸ்மித் என்ற தொல்லியலாளர் மறுபடியும் காலக்கணிப்பு செய்தபோது, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் பயிரிட்ட பரங்கி இனம் அது என்று தெரியவந்தது. அந்தக் கண்டத்தில் மக்காச்சோளத்துக்கும் முந்திய பயிர். கடல் தாண்டி நம்மிடம் வந்தபோது, கொண்டுவந்தவர்களின் பெயரையே நாம் காய்க்கு வைத்தோம். பரங்கியர் கொண்டுவந்த காய், பரங்கிக்காய். காயின் உண்மையான சொந்தக்காரர்களை நாம் பார்த்ததில்லை. போர்த்துக்கீசியரைத்தான் பார்த்தோம்.

அந்தச் சொந்தக்காரர்களில் ஒரு கூட்டம் நவஹோ மக்கள். மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி, புகையிலை நான்கும் அவர்களுக்குப் புனிதப் பயிர்கள். பரங்கியை 'நாயிஸி' என்பார்கள். நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலையில் ஃபார்மிங்டன் என்ற ஊர். சான் ஹுவான், அனிமாஸ், லா பிளாட்டா என்ற மூன்று ஆறுகள் அங்கே கூடுகின்றன. ஆறு மூன்று என்றதும் பசுமையைக் கற்பனை செய்துவிடக் கூடாது. கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே உள்ள வறண்ட மேட்டுநிலம். ஆண்டுக்கு மழை சுமார் எட்டு அங்குலம். வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்வதுகூட அதற்குப் பொருந்தாது. வானத்தைப் பார்த்துப் பயனில்லை.

சான் ஹுவான் ஆற்றின் குறுக்கே 1962இல் நவஹோ அணை கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் ஒன்று இரண்டு திட்டங்களுக்கு அனுமதி தந்தது. ஒன்று, அதே ஆற்றுப் படுகையின் தண்ணீரை மலையைக் குடைந்து அல்புகர்க்கி நகரத்துப் பக்கத்துக்குக் கொண்டுபோவது. இன்னொன்று, நவஹோ நிலத்தில் 1,10,630 ஏக்கருக்குப் பாசனம். முதல் திட்டம் எழுபதுகளிலேயே முடிந்து நகரத்துப் பக்கம் தண்ணீர் போய்விட்டது. நவஹோ வயலுக்கு முதல் தண்ணீர் எட்டியது 1976இல். சொன்ன ஏக்கர் முழுவதற்கும் இன்றுவரை எட்டவில்லை. எந்த வாய்க்காலில் முதலில் மடை திறக்கும் என்பது எந்த ஊரிலும் புதிய கதை இல்லை.

எட்டிய வரையில் அங்கே விவசாயம் பெரிதாகவே நடக்கிறது. நவஹோ இனத்தவரின் சொந்த வேளாண் நிறுவனம் 1970இல் தொடங்கியது. விமானத்திலிருந்து பார்த்தால் பழுப்பு மண்ணில் பச்சை வட்டங்களாகத் தெரியும். நடுவில் ஒரு முளை, அதைச் சுற்றிச் சக்கரத்தில் ஊர்கிற நீண்ட குழாய். செக்குமாடு சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும். உருளைக்கிழங்கு, பீன்ஸ், குதிரைமசால், கோதுமை, நடுவில் பரங்கி.

ஆலயங்களுக்கும் இந்த வயல்களுக்கும் முடிச்சுப் போட்டது வட கரோலினாக் குடும்பம் ஒன்று. 1974இல் மூன்று ஏக்கர் பரங்கியை ஒரு சபையின் மூலம் விற்றுப் பார்த்தார்கள். ஏற்பாடு எளிமையானது. சபை முன்பணம் தர வேண்டாம். லாரி வரும், நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள், நீங்களே விற்றுக்கொடுங்கள். விற்ற பணத்தில் ஒரு பங்கு உங்களுக்கு, மீதி எங்களுக்கு. சபையில் ஆளுக்குப் பஞ்சமில்லை, சாலையோரப் புல்வெளியும் சும்மா கிடக்கிறது. யோசனை பற்றிக்கொண்டது. பின்னாளில் நவஹோ நிலத்தில் 1,200 ஏக்கராக வளர்ந்து, செப்டம்பர், அக்டோபர் அறுவடை மாதங்களில் 700க்கு மேற்பட்ட பழங்குடித் தொழிலாளர்களுக்கு வேலை தருவதாக அந்தக் குடும்பத்தின் நிறுவனம் தன் துண்டுப்பிரசுரத்தில் சொல்கிறது. எங்கள் புல்வெளியின் பணப்பெட்டிக்குப் பக்கத்திலும் அது ஒட்டப்பட்டிருந்தது. ஒரு ஓரத்தில், சின்ன எழுத்தில். எத்தனை பேர் வாசித்தார்கள் என்று கேட்காதீர்கள். நானே இரண்டாவது வாரம்தான் வாசித்தேன்.

வாசித்த பிறகு ஒரு ஆண்டுக்கணக்கு மனதைவிட்டுப் போகவில்லை.

நவம்பர் மாதம் நன்றி கூறும் நாள் கொண்டாட வேண்டும் என்று ஆபிரகாம் லிங்கன் அறிவித்தது 1863 அக்டோபர் 3. உள்நாட்டுப் போரின் நடுவே வந்த அறிவிப்பு. சாரா ஜோசஃபா ஹேல் என்ற பெண் பத்திரிகையாசிரியர் ஆண்டுக்கணக்கில் எழுதி எழுதிக் கேட்டது கடைசியில் பலித்தது. அந்த விருந்துக்குப் பரங்கிப் பை என்ற சுட்ட பலகாரம் நமக்குப் பொங்கலன்று கரும்பு மாதிரி. சரி. அதே 1863இன் கோடையில், அதே லிங்கனின் படை கிட் கார்சன் தலைமையில் நவஹோ நாட்டுக்குள் நுழைந்து, விளைந்து நின்ற வயல்களை அழித்துக்கொண்டிருந்தது. பட்டினி போட்டுப் பணியவைக்கும் திட்டம். மறு ஆண்டு கான்யன் டி ஷே பள்ளத்தாக்கில் பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். 1864இல் ஆயிரக்கணக்கான நவஹோ மக்களை நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் நடத்தியே போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். 'நெடுநடை' என்று அவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். அங்கே பேக்கோஸ் ஆற்றுத் தண்ணீர் உவர், பயிர் புழுவுக்குப் போனது, மனிதர் செத்தார்கள். 1868 ஜூன் 1இல் உடன்படிக்கை எழுதி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். நிலத்தில் இறங்கி உழுகிற குடும்பத்துக்கு விதையும் கருவியும் கொடுப்பதாக அதில் ஒரு பிரிவு உண்டு. அழித்தவரே விதை தருவதாக எழுதிக்கொடுத்த பத்திரம்.

ஒரு கை நன்றி சொல்லிக் கையெழுத்திடுகிறது, இன்னொரு கை வயலை அழிக்கிறது. இரண்டும் ஒரே உடம்பின் கை. இதைச் சொன்னால் அந்தச் சபையார் கோபப்படுவார்களோ என்று தயங்கினேன். பெரியவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பணப்பெட்டியருகே இருந்த துண்டுப்பிரசுரத்தைக் கழற்றி, உள்ளே வருகிற வழியில் விலைப்பலகைக்கு மேலே மாட்டினார். ஆணி அடிக்க வேறு ஆளைக் கூப்பிடவில்லை.

எங்கள் லாரி ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தது. வழக்கமான வழி அல்புகர்க்கி போய், அங்கிருந்து 40ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே, அமரில்லோ, ஓக்லஹோமா சிட்டி, மெம்ஃபிஸ், நாஷ்வில், நாக்ஸ்வில் வழியாக மலை இறங்கி வட கரோலினா. அந்தக் கடைசிப் பகுதி அந்த ஆண்டு இல்லை. செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் மேற்கு மலைகளில் கொட்டிய மழையில், பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலையின் ஒரு பக்கத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. (மறு ஆண்டு மார்ச்சில்தான் பக்கத்துக்கு ஒரு தடம் திறந்தார்கள்.) ஓட்டுநர் வர்ஜீனியா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அந்த மலைப்பக்கத்து ஆஷ்வில் நகரத்தில் குழாய்த் தண்ணீர் குடிக்க முடியாமல் போனது. 53 நாள் கழித்து நவம்பர் 18ஆம் தேதிதான் குடிக்கலாம் என்றார்கள்.

அதனால் அந்த அக்டோபரில் ஆலயத்தின் வெளியே பரங்கிக் குவியல், உள்ளே கூடத்தில் தண்ணீர்ப் புட்டிக் குவியல். பரங்கி வாங்க வந்தவர்கள் கையோடு ஒரு அட்டைப்பெட்டித் தண்ணீரையும் இறக்கிவிட்டுப் போனார்கள். குழந்தைத் துணி, டார்ச் லைட், நாய்த் தீவனம் வரைக்கும் வந்தது. இளைஞர்களின் சேவைப் பயணத்துக்கு என்றிருந்த பரங்கிப் பணத்தை இந்த ஆண்டு மலைக்கு அனுப்பலாம் என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். அமெரிக்கச் சபைக் கூட்டமும் நம் ஊர்ச் சபைக் கூட்டம் மாதிரியேதான். ஐந்து நிமிடத் தீர்மானத்துக்கு ஒன்றரை மணி நேரப் பேச்சு.

விற்பனையில் எனக்கும் இரண்டு மணி நேர முறை கொடுத்தார்கள். விலை எடைக்கு இல்லை, பருமனுக்கு. மழலைப் பள்ளிக் குழந்தைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்து ஆளுக்கொரு குட்டிப் பரங்கி எடுத்துப் போகும். காய் வாங்குவதைவிடக் காய்மேல் பிள்ளையை உட்காரவைத்துப் படம் எடுப்பதற்கு வருகிறவர்கள் அதிகம். இரவில் யாரும் காவல் இல்லை. துளையிட்ட பெட்டி மட்டும் இருக்கும். காலையில் திறந்தால் பணம் இருக்கிறது. ஒரு நாள் காலை ஒரு ஐந்து டாலர் தாளோடு, இருபது டாலர் காய் எடுத்தேன், மீதி வெள்ளிக்கிழமை என்று ஒரு சீட்டு. வெள்ளிக்கிழமை பதினைந்து டாலர் வந்தது. நானும் ஒன்று வாங்கினேன். காம்பு நீளமாக, உறுதியாக இருந்த காய். இந்த முறை அடியில் கைகொடுத்துத் தூக்கினேன்.

அக்டோபர் 31, பரங்கியில் முகம் செதுக்கி விளக்கு வைக்கும் ஹாலோவீன் முடிந்தால் பரங்கியின் மவுசும் முடிந்தது. மறுநாள் காலை அதற்கு விலையே கிடையாது. மிஞ்சியதைப் பன்றி வளர்க்கும் ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போனார். உருப்படியாக இருந்த ஏழெட்டை மட்டும் கூடத்தின் வாசற்படியில் வரிசையாக வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பரிசுத்தவான்கள் நினைவு ஆராதனை. அந்த ஆண்டு இறந்த சபையார் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, ஒரு பெயருக்கு ஒரு மணி அடித்தார்கள். செவ்வாய்க்கிழமை அதே கூடத்தில் வாக்குப்பதிவு.

கடவுளையும் அரசையும் பிரித்து வைப்பதாகச் சொல்லும் நாட்டில் சிலுவை மாட்டிய கூடத்தில் வாக்குச்சாவடி என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நம் ஊரில் பள்ளிக்கூடம் என்றால் அங்கே பல இடங்களில் ஆலயம். வண்டி நிறுத்த இடம் உண்டு, வயதானவர்கள் ஏறச் சாய்தளம் உண்டு, காரணம் அவ்வளவுதான். செவ்வாய் ஏன் என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். 1845இல் சட்டம் எழுதியபோது நாட்டில் பெரும்பாலோர் விவசாயிகள். நவம்பரில் அறுவடை முடிந்திருக்கும். ஞாயிறு ஆலயம், பல ஊரில் புதன் சந்தை. குதிரை வண்டியில் வாக்களிக்கப் போய்த் திரும்ப நடுவில் மிஞ்சியது செவ்வாய். பழைய தேர்தல்களுக்கு அங்கே கேக்கும் உண்டு. அமெலியா சிம்மன்ஸ் 1796இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் தேர்தல் கேக்குக்கான குறிப்பு இருக்கிறது; பத்து பவுண்டு வெண்ணெயும் மூன்று டஜன் முட்டையும் போட்டு ஊருக்கே செய்கிற கேக். பரங்கியை மாவுக்குள் வைத்துச் சுடும் குறிப்பும் அதே புத்தகத்தில்தான்.

மகள் குடியுரிமை வாங்கிய பின் அதுதான் அவளுக்கு முதல் வாக்கு. வாசற்படிப் பரங்கிகளைத் தாண்டி உள்ளே போனாள். பட்டியல் பார்த்துப் பெயர் சரிபார்த்தவர், வரிசையில் எனக்கு அடுத்து நின்று காய் கைமாற்றிய அதே பெரியவர். விடிகாலையிலிருந்து இரவுவரை வேலை. அவரோடு இருந்தவர்களும் அறுபதைத் தாண்டியவர்கள்தான். மகள் சட்டையில் வாக்களித்ததற்கான ஒட்டுவில்லையோடு வெளியே வந்தாள். அது உடனே பேத்தியின் சட்டைக்கு மாறியது.

அந்தப் பரங்கியைப் பறித்தவர்களின் தாத்தாக்களுக்கு இந்த வில்லை கிடைத்திருக்காது. பழங்குடியினர் எல்லாரும் குடிமக்கள் என்று 1924இலேயே சட்டம் வந்தது. ஆனால் வரி கட்டாத செவ்விந்தியர் வாக்களிக்கக் கூடாது என்று நியூ மெக்சிகோ தன் அரசியல் சட்டத்தைக் காட்டித் தடுத்தது. மிகேல் டிருஹீயோ என்று ஒருவர். இஸ்லேட்டா பியூப்லோவைச் சேர்ந்த ஆசிரியர், இரண்டாம் உலகப் போரில் மரைன் படையில் இருந்துவிட்டு வந்தவர். வாக்காளராகப் பதிய மறுத்ததும் வழக்குப் போட்டார். 1948 ஆகஸ்டில் வென்றார். அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில் நவஹோவுக்கும் வாக்கு. நாம் குடியரசானதற்கும் அவர்கள் வாக்காளர் ஆனதற்கும் இடையில் இரண்டு ஆண்டுகூட இல்லை. இன்றும் நவஹோ நாட்டில் தெருப்பெயரும் கதவிலக்கமும் இல்லாத வீடுகள் ஏராளம். பதிவு செய்வதே ஒரு போராட்டம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை; டிரம்மில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். 1868 உடன்படிக்கையின்படி எங்கள் தண்ணீருக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்று அவர்கள் போட்ட வழக்கை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டது.

நவம்பர் 28, நன்றி கூறும் நாள். அந்த வியாழனில் பிளிமத் என்ற ஊரில் கூடி அதைத் துக்க நாளாக அனுசரிக்கும் பழங்குடியினரும் இருக்கிறார்கள், 1970 முதல். எங்கள் தெருவில் அடுப்பு மணம். ஆலயத்திலிருந்து தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டிகள் போயின; அதில் பரங்கிப் பையும் இருந்தது. ஆனால் புல்வெளியில் விற்ற காய்க்கும் அந்தப் பைக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த நாட்டின் டப்பாப் பரங்கியில் பெரும்பகுதி இல்லினாயின் மோர்ட்டன் என்ற சிற்றூரிலிருந்து வருகிறது. டிக்கின்சன் என்ற வகை. வெளியே மங்கிய பழுப்பு, உள்ளே அடர்ந்த சதை. தாவரவியல் குடும்பத்தில் அது நம் மார்கழிச் சந்தைப் பரங்கிக்கு உடன்பிறப்பு. புல்வெளிப் பரங்கியோ முகம் செதுக்கி விளக்கு வைப்பதற்காகவே வளர்க்கும் சாதி. தோல் அழகு, சுவை சுமார்.

இது தெரிந்தும் எனக்கு மனம் கேட்கவில்லை. இத்தனை நாள் வாசலில் காவல் இருந்த காயைக் குப்பையில் போடுவதா? மகளிடம் கூட்டு வைக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே அரிவாளை எடுத்தாள். இரண்டாகப் பிளந்தபோது நூல் நூலாக நார், நடுவில் பெரிய வெற்றிடம். துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தூவி, வாணலியை மூடி வைத்தாள். பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தலையேப்பா. இவ்வளவு எங்கேயிருந்து வந்தது?"